மூன்று நாவல்களும் ஓர் ஆணைக்குழுவும்

ஒரு நாவல் ஒரு சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று கேட்பது இலக்கிய மாணவருக்கு எப்பொழுதும் இன்பந் தருவது. எழுத்தின் ஆற்றலுக்கு அதனிலும் சிறந்த அத்தாட்சி வேறென்ன வேண்டும்? இலக்கியத்துக்கும் சமுதாயத்துக்குமுள்ள தொடர்பைப் பற்றி வகுப்பறையிலே பேச நேரும்போதெல்லாம் நாமும் அப்டன் சிங்கிளேரின் 'காடு' என்னும் நாவலையே எடுத்துக்காட்டி வந்துள்ளோம். 1906ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அந்நூல் வெளிவந்தது. அதே ஆண்டு யூன் மாதம் 30ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும் தூய உணவு, மருந்துச் சட்டத்திலும் கையொப்பமிட்டார். இடையிலே நான்கு மாதங்கள். பேனா வென்றது, கம்பனி தோற்றது என்று கூறி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கும்.

இக்கதையை இவ்வாறு கூறுவது பிழை என்பதை நாம் காலந் தாழ்த்தியே உணர்ந்தோம். அது வெறும் இலக்கிய வரலாற்றுப் பிழையாக இருந்தால் அதற்காக ஒரு கட்டுரை எழுதவேண்டிய அவசியமில்லை. தனியார் தொழில்களையும், மின்சாரம், புகையிரதம் போன்ற பொதுச் சேவைகளையும் அரசு எங்ஙனம் கட்டுப்படுத்தல் வேண்டும் என்ற வினாவை முற்போக்காளர் எனப்படும் நாம் எத்துணை மேலோட்டமாக விளங்கிக் கொண்டிருக்கிறோம் என்பதையும் அப்பிழை வெளிப்படுத்துகின்றது. "சட்டம் வந்துவிட்டது, ஆணைக்குழு அமைந்துவிட்டது" என்பதோடு எமது கோபம் ஆறிவிடுகிறது. சட்டம் யாருக்காக வந்தது, ஆணைக்குழுவில் யார் இருக்கிறார் என்பவற்றை நாம் கேட்பதில்லை.

முதலிலே 'காடு' நாவலை எடுத்துக்கொள்வோம். 1904ஆம் ஆண்டு சிக்காகோ நகரின் இறைச்சித் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோல்வியுற்ற பின்னர் சிங்கிளேர் அங்கு சென்று ஏறக்குறைய ஏழு வாரங்கள் அம்மக்களிடையே திரிந்து செய்தி திரட்டினார். சோசலிச வார இதழொன்றில் 1905இல் தொடராக வெளிவந்தபோது அந்நாவலுக்கு வாசகராயிருந்தோர் பெரும்பாலும் உழைப்பாளரும் சிறு விவசாயிகளுமே. லிதுவேனியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூர்கிஸ் என்னும் இளைஞன் தன் உடல் வலிமையை மட்டும் நம்பி இறைச்சிக் கம்பனியில் வேலைக்குச் சேருகிறான். வட்டியை மறைத்து எழுதப்பட்ட உறுதியினால் வீட்டை இழக்கிறான். வேலையிலே காயம்பட்டதும் வேலை போகிறது. மனைவி இறக்கிறாள். குழந்தை தெருவோரச் சேற்று நீரில் மூழ்கி மடிகிறது. நாவலின் மிகப் பெரும் பகுதி இதுதான். பழுதான இறைச்சியைப் பற்றிய செய்திகள் அதனிடையே சில பக்கங்களில் மட்டும் வருகின்றன.

வாசகர் கண்டதோ அச்சில பக்கங்களைத்தான். தாம் மக்களின் இதயத்தைக் குறிபார்த்ததாகவும் அம்பு தற்செயலாக அவர்களின் வயிற்றிலே தைத்துவிட்டதாகவும் சிங்கிளேரே பின்னர் கசப்போடு கூறினார். இக்கூற்றை நகைச்சுவையாக எடுத்தாளுவோர் பலர். அதிலே நகைச்சுவை எதனையும் நாம் காணவில்லை.

நாவலின் தொடக்கப் பகுதியிலே ஒரு காட்சி உண்டு. பன்றியின் உடல்கள் சங்கிலியில் வரிசையாக நகர்ந்து வருகின்றன. வாசலிலே அரசாங்கப் பரிசோதகர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். கழுத்துச் சுரப்பிகளைத் தொட்டுப் பார்த்துக் காசநோய் உண்டா என்று அறிவது அவர் கடமை. அவர் நல்ல மனிதர். பார்க்க வருவோருடன் மரியாதையாகப் பேசுவார். நோயுற்ற இறைச்சியின் கொடுமையை விளக்கமாகச் சொல்லுவார். அவர் விளக்கிக் கொண்டிருக்கும்போதே ஒரு டசின் உடல்கள் அவருடைய கை படாமல் அவரைக் கடந்து சென்றுவிடுகின்றன. சட்டம் வருவதற்கு முன்னரே பரிசோதகர் இருந்தார் என்பதை இக்காட்சி நமக்கு நினைவூட்டுகிறது. 1891ஆம் ஆண்டிலேயே ஏற்றுமதி இறைச்சிக்காக அரசாங்கப் பரிசோதனை ஏற்பட்டிருந்தது. ஆகவே, சிங்கிளேர் கண்ட குறை அரசு அங்கே இல்லாமற் போனதன்று. அரசு அங்கேதான் இருந்தது. சங்கிலியின் வேகத்தை நிர்ணயித்தவன் வேறொருவனாக இருந்தான்.

1906ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேகத்தைத் தொடவில்லை. பரிசோதனைச் செலவைக் கம்பனிகளே ஏற்க வேண்டும் என்றும், தகரத்தில் அடைத்த இறைச்சியின் மேல் திகதி பொறிக்க வேண்டும் என்றும் செனட்டர் பெவரிட்ஜ் முன்வைத்த பிரேரணைகள் கைவிடப்பட்டன. செலவுக்கென ஆண்டுதோறும் முப்பது இலட்சம் டொலர் பொதுத் திறைசேரியிலிருந்தே ஒதுக்கப்பட்டது. ஐரோப்பியச் சந்தைகளில் தமது சரக்கு சந்தேகத்துக்குள்ளாகியிருந்த பெருங் கம்பனிகளுக்கு அரசாங்க முத்திரை மிகவும் தேவைப்பட்டது. அந்த முத்திரை அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. வரலாற்றாசிரியர் கேப்ரியல் கொல்கோ 1963இல் வெளியிட்ட நூலில், அக்காலச் சீர்திருத்தங்கள் பலவற்றைப் பெருமுதலாளிகள் எதிர்க்கவில்லை, வரவேற்றனர் என்றே வாதித்தார். அவருடைய முடிபு முழுவதையும் ஏற்காதவருங்கூட இறைச்சிச் சட்டத்தின் செலவுப் பிரிவைப் படித்தால் சற்றே சிந்திப்பர். யூர்கிசின் கூலியைப் பற்றி, வேலை நேரத்தைப் பற்றி, வெட்டுண்ட விரலைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் பன்றி வெட்டுந் தொழிற்சாலைகளுக்கெனப் புதிய விதியொன்றை வெளியிட்டது. மணிக்கு 1,106 பன்றிகள் என்றிருந்த வேகவரம்பு அவ்விதியின் கீழ்ச் சேரும் தொழிற்சாலைகளுக்கு நீக்கப்பட்டது. தொழிலாளரின் கைகளுக்கும் தோள்களுக்கும் என்ன நேரும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டபோது, தொழிலாளர் பாதுகாப்பு தமது அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பது திணைக்களத்தின் பதிலாயிற்று. 2021 மார்ச்சில் மினசோட்டா மாநிலத்திலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பதிலை ஏற்க மறுத்து வேகவரம்பு நீக்கத்தைச் செல்லுபடியாகாது என்று தீர்த்தது. சிங்கிளேரின் அம்பு இதயத்தின் பக்கமாகச் சிறிதே திரும்புவதற்கு 115 ஆண்டுகள் சென்றன.

சிங்கிளேர் பரிசோதகரின் கையாலாகாமையைக் காட்டினார் என்றால், பரிசோதகர் எவ்வாறு உருவாக்கப்படுகிறார் என்பதைக் காட்டியவர் அவருக்குச் சற்று முந்தியவரான பிராங்க் நொறிஸ். 1901இல் வெளியான அவரது 'ஒக்டோபஸ்' நாவல் கலிபோர்னியாவின் கோதுமை விவசாயிகளுக்கும் புகையிரதக் கம்பனிக்குமிடையே நிகழ்ந்த போராட்டத்தைச் சித்திரிப்பது. 1880ஆம் ஆண்டில் அங்கு உண்மையாகவே நடந்த துப்பாக்கிச் சண்டையொன்று அதற்கு அடிப்படை. இங்கே 'விவசாயி' என்ற சொல்லைக் கேட்டதும் எமது மண்ணின் கமக்காரனை மனதிற் கொள்ளலாகாது. இவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை ஆள்பவர்கள். அந்நிலத்தை உழும் கூலியாட்கள் நாவலின் பின்னணியிலே நிழல்களாகவே வந்து போகின்றனர். நொறிசின் பார்வையிலுள்ள பெருங் குறை இது.

ஆயினும், வேறெந்த நாவலிலும் நாம் காணாத ஒன்றை அவர் எழுதியிருக்கிறார். சரக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமானால் மாநிலப் புகையிரத ஆணைக்குழுவில் தமக்கு வேண்டியவர் அமர வேண்டும் என்று நிலக்கிழார்கள் திட்டமிடுகின்றனர். நேர்மைக்குப் பேர்போன முதியவர் மக்னஸ் டெரிக் தயங்கித் தயங்கி இலஞ்சம் கொடுக்க இணங்குகிறார். அவருடைய மூத்த மகன் லைமன் ஆணையாளனாகிறான். சொந்த மகனல்லவா, துரோகம் செய்வானா? ஆணைக்குழு புதிய கட்டண அட்டவணையை வெளியிடுகிறது. மாநிலம் முழுவதையும் சராசரி பார்த்தால் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்திருக்கிறது, வாக்குறுதி காப்பாற்றப்பட்டுவிட்டது. கோதுமை விளையும் சான் யோக்கின் பள்ளத்தாக்கிலோ ஒரு சதமும் குறையவில்லை. கோதுமையை ஏற்றி அனுப்பாத இடங்களில்தான் கோதுமைக் கட்டணம் குறைக்கப்பட்டிருந்தது! அரசியலில் உயரப் போக விரும்பிய லைமனைக் கம்பனி முன்னமே தன்வயப்படுத்திவிட்டிருந்தது.

அந்த அட்டவணை வாசிக்கப்படும் அத்தியாயம் எமது பல்கலைக்கழகங்களிலே பொருளியல் மாணவருக்குப் பாடமாக வைக்கத்தக்கது. 'சராசரி' என்ற சொல் எத்தனை கொலைகளைச் செய்யவல்லது என்பதை அது போல் விளக்கும் பாடநூலை நாம் படித்ததில்லை.

டைக் என்ற புகையிரதச் சாரதியின் கதையும் அவ்வாறே. கம்பனி அவனை வேலையிலிருந்து நீக்க, அவன் வீட்டை ஈடு வைத்து 'ஹொப்ஸ்' என்னும் பயிரைச் செய்கிறான். இறாத்தலுக்கு இரண்டு சதம் என்று கேட்டறிந்த சரக்குக் கூலி, பயிர் விளைந்து விலையும் ஏறியபின் ஐந்து சதமாகிவிடுகிறது. எந்த விதியின்படி இக்கட்டணம் என்று அவன் முகவரிடம் கேட்கிறான். தாங்கக்கூடிய மட்டும் வாங்குவதே விதி என்பது பதில். ஒரு பேரேட்டிலே இது மூன்று சத வித்தியாசம். டைக்குக்கோ அது வீடு, சிறு மகளின் படிப்பு, ஈற்றிலே சிறைவாசம். கட்டண விதி என்ற வறண்ட விடயத்துக்கு மனித முகம் கொடுப்பது இலக்கியம் செய்யக்கூடிய காரியம் என்றால், அதனை நொறிஸ் இவ்விடத்தில் நிறைவாகச் செய்துள்ளார்.

அவர் சறுக்குமிடம் வேறு. கொதித்தெழுந்த இளங்கவிஞன் பிறெஸ்லி, கம்பனித் தலைவர் ஷெல்கிறிமைச் சந்திக்கச் செல்கிறான். கோதுமை தானாக வளர்கிறது, புகையிரதம் தானாகப் பரவுகிறது, இவை சக்திகள், மனிதரைக் குறை கூறாதே என்று அம்முதியவர் அமைதியாக எடுத்துரைக்கக் கவிஞன் வாயடைத்து வெளியே வருகிறான். நாவலாசிரியரும் அவனோடு வாயடைத்துப் போகிறார் என்பதே எமது குற்றச்சாட்டு. இயற்பண்புவாத எழுத்தாளர் பலருக்கு நேர்ந்த கதி இது. நிலைமைகளை நுணுக்கமாகக் காண்பர். அந்நிலைமைகளை மனிதர் ஆக்கினர், மனிதரால் மாற்றவும் முடியும் என்னுமிடத்தில் இயற்கையின் மேற் பழியைப் போட்டு ஒதுங்குவர். கட்டண அட்டவணையை எழுதியது இயற்கையா? லைமன் அல்லவா எழுதினான்?

நாவலின் முடிவிலே அக்கோதுமை பஞ்சத்தால் வாடும் இந்தியாவுக்குக் கப்பலேறுகிறது. மனிதர் மடிந்தாலும் ஈற்றில் நன்மையே விளைகிறது என்று நொறிஸ் ஆறுதல் கூறுகிறார். அந்த ஆறுதல் எமக்கு வேண்டாம். பஞ்சம் பீடித்த அந்த இந்தியாவிலும் புகையிரதப் பாதைகள் இருந்தன. அவற்றிற் பலவற்றை அமைத்த ஆங்கிலக் கம்பனிகளுக்கு முதலின் மேல் நூற்றுக்கு ஐந்து வீத வருவாயைக் குடியேற்ற அரசு இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்தே உத்தரவாதஞ் செய்திருந்தது. முதலீட்டாளருக்கு நட்டமே வராத ஒழுங்குமுறை எங்கே முதலில் நன்கு பயிற்சி செய்யப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது நாவலைப் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். தியோடர் டிறைசரின் 'டைட்டன்' 1914இல் வெளிவந்தது. அதன் நாயகன் கௌப்பர்வுட், சிக்காகோவின் எரிவாயு, டிராம் கம்பனிகளைக் கைப்பற்றிய சார்ள்ஸ் யேர்க்ஸ் என்பவரை மாதிரியாகக் கொண்டவன். நகரசபை உறுப்பினரை விலைக்கு வாங்கி வீதிகளின் உரிமையை ஐம்பது ஆண்டுகளுக்குப் பெற அவன் முயல்கிறான். டிறைசருக்குத் தமது நாயகனின் ஆண்மையிலே மோகம் அதிகம். டிராம் வண்டியை ஓட்டியவனின் முகத்தை அந்நீண்ட நாவலில் நாம் காண்பதில்லை. எனினும் ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. நகரசபையோடு மல்லுக்கட்டிச் சலித்த கௌப்பர்வுட், பொதுச் சேவைகளை மேற்பார்வை செய்ய மாநில ஆணைக்குழு ஒன்றை அமைக்கும் சட்டமூலத்தைத் தானே தூண்டிவிடுகிறான். கட்டுப்படுத்தப்பட வேண்டியவனே கட்டுப்பாட்டைக் கேட்கிறான்!

இது கற்பனை மிகையன்று. அதே சிக்காகோவில் மின்சாரக் கம்பனியை நடத்திய சாமுவேல் இன்சல், 1898ஆம் ஆண்டு மின்தொழிலதிபர் சங்கத்தின் தலைவராயிருந்து பேசியபோது, மாநில ஆணைக்குழுக்கள் கட்டணத்தை நிர்ணயிப்பதைத் தொழிலதிபர்கள் வரவேற்க வேண்டும் என்றார். அதற்குக் கைமாறாக ஒவ்வொரு பிரதேசத்திலும் போட்டியற்ற தனியுரிமை கிடைத்துவிடும். தனியுரிமை கிடைத்தால் வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும். நகரசபைகள் தாமே மின்நிலையம் நடத்தும் ஆபத்தும் நீங்கும். 1907இல் விஸ்கொன்சின், நியூயோர்க் மாநிலங்கள் ஆணைக்குழுக்களை அமைத்தன. ஏனையவை பல பின்தொடர்ந்தன. செலவும் நியாயமான இலாபமும் சேர்ந்ததே கட்டணம் என்பது சூத்திரம். இலாபம் முதலின் விகிதமாகக் கணிக்கப்பட்டால் முதலைப் பெருப்பிப்பதே கம்பனியின் தொழிலாகிவிடும் என்று 1962இல் அவெர்ச், ஜோன்சன் என்னும் பொருளியலாளர் இருவர் காட்டினர். இன்சலின் பேரரசு 1932இல் சரிந்தபோது பங்குகளை வாங்கியிருந்த எண்ணற்ற சிறு சேமிப்பாளரும் கூடவே சரிந்தனர்.

இதுவரை கூறியவற்றைப் படிக்கும் இடதுசாரி நண்பர் ஒருவர், "பார்த்தீரா, முதலாளித்துவ அரசின் ஒழுங்குவிதி எல்லாம் ஏமாற்று" என்று கூறக்கூடும். அவர் சற்றே நிதானிக்க வேண்டும். ஏனெனில் இதே வாக்கியத்தைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோர்ஜ் ஸ்டிக்லரும் கூறினார். தொழில்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் பெரும்பாலும் அத்தொழில்களின் நன்மைக்காகவே ஆக்கப்படுகின்றன என்று 1971ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றிலே அவர் வாதித்தார். நொறிசும் சிங்கிளேரும் கோபத்தோடு கண்ட உண்மையை அவர் குளிர்ந்த மொழியில் எழுதினார். ஆனால் அவரைப் பின்பற்றியோர், காவலாளி கள்வனோடு சேர்ந்துவிட்டான், ஆகவே காவலே வேண்டாம் என்று முடித்தனர். காவலை எடுத்த இடத்தில் என்ன நேர்ந்தது? 'ஒக்டோபஸ்' நிகழ்ந்த அதே கலிபோர்னியாவில் 1996இல் மின்சாரச் சந்தை திறந்துவிடப்பட்டது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் வணிகர்கள் செயற்கையாக மின் தட்டுப்பாட்டை ஏற்படுத்தி விலையை ஏற்றினர். செல்வம் கொழிக்கும் அம்மாநிலத்தில் முறைவைத்து விளக்குகள் அணைக்கப்பட்டன. அவ்வியாபாரத்தில் முன்னின்ற என்றொன் கம்பனி 2001 டிசம்பரில் வங்குரோத்தாயிற்று. தாங்கக்கூடிய மட்டும் வாங்கும் விதி நூறாண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தது.

விளக்கு அணைவதைப் பற்றி எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் எமது நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கலாம் என்றால் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அப்போது ஆசிரியர் அறையிலே இரு கட்சிகள். தனியாரிடம் கொடுத்திருந்தால் இப்படி நேராது என்றது ஒன்று. தனியார் மின்நிலையங்களிடம் வாங்கியதால்தான் இப்படியாயிற்று என்றது மற்றது. மின்சார சபை அரசினுடையது என்பதையும், அதனை மேற்பார்வை செய்ய 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு பொதுப்பயன்பாட்டு ஆணைக்குழு அமைக்கப்பட்டிருந்தது என்பதையும் இரு கட்சியாரும் மறந்துவிட்டனர். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். அந்த இரண்டாம் உயர்வைப் பகிரங்கமாக எதிர்த்த ஆணைக்குழுத் தலைவரைப் பாராளுமன்றம் 2023 மே மாதத்தில் வாக்கெடுத்துப் பதவிநீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்பது வேறு விடயம். எம்மைத் துன்புறுத்துவது, அவ்விரு உயர்வுகளின்போதும் பட்டியலைக் கட்டுபவன் அந்த மேசையில் எங்கே அமர்ந்திருந்தான் என்று நாம் எவரும் உரத்துக் கேட்காததே. கருத்துக் கேட்கும் அமர்வுகள் நடந்தன. எம்முள் எத்தனை பேர் சென்றோம்?

சொத்து எவருடையது என்ற வினா முக்கியமற்றது என்று நாம் கூறவில்லை. நெப்ராஸ்கா என்ற அமெரிக்க மாநிலத்திலே மின்விநியோகம் முழுவதும் பொதுநிறுவனங்களிடமும் கூட்டுறவுகளிடமுமே இருக்கிறது. முதலாளித்துவத்தின் நடுவீட்டிலேயே இது சாத்தியமாகியிருக்கிறது. ஆனால் சொத்து கைமாறினாலும் சங்கிலியின் வேகத்தை யார் நிர்ணயிப்பது, சராசரியை யார் பிரித்துப் பார்ப்பது என்ற வினாக்கள் எஞ்சியே இருக்கும்.

இதற்கு விடை தேடிய முயற்சி ஒன்றும் அதே சிக்காகோ அமைந்த இலினோய் மாநிலத்திலேயே நிகழ்ந்தது. 1983இல் மாநிலச் சட்டமன்றம் பாவனையாளருக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. கட்டண விசாரணைகளில் கம்பனியின் கணக்காளருக்கு எதிரே பாவனையாளரின் கணக்காளரும் வழக்கறிஞரும் நிற்பதற்கான ஏற்பாடு அது. லைமன் டெரிக்கின் அட்டவணையை அன்றே பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய ஒருவரை மேசையின் மறுபுறத்தில் இருத்தும் முயற்சி எனலாம். அரசாங்க மானியத்தை நம்பாமல், உறுப்பினரின் சந்தாவிலே அது நடைபெற வேண்டியிருந்தது. அவ்வாறாயின் உறுப்பினரைத் தேடுவது எங்ஙனம்? மாதந்தோறும் எல்லா வீடுகளுக்கும் போகும் மின்பட்டியலின் உறைக்குள்ளேயே ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்து அனுப்பலாம் என்பது மிக எளிய யோசனை.

அந்த யோசனைக்கு நேர்ந்ததையும் கூறிவிடுவோம். கலிபோர்னியாவிலே மின், எரிவாயுக் கம்பனி ஒன்று தனது பட்டியல் உறையில் 'முன்னேற்றம்' என்ற பெயரில் ஒரு செய்தித்தாளை வைத்து அனுப்பி வந்தது. அதிலே அரசியற் கருத்துக்களும் இருந்தன. உறையில் மிஞ்சும் இடம் தபாற் செலவைக் கட்டும் பாவனையாளருக்கே உரியது, ஆகவே ஆண்டுக்கு நான்கு முறை பாவனையாளர் சங்கமொன்றின் பிரசுரமும் அதில் இடம்பெற வேண்டும் என்று மாநில ஆணைக்குழு கட்டளையிட்டது. ஓர் ஆணைக்குழு செய்த துணிவான காரியம் இது. கம்பனி வழக்குத் தொடர்ந்தது. 1986இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிறருடைய கருத்தைச் சுமக்குமாறு கம்பனியைக் கட்டாயப்படுத்துவது அதன் பேச்சுச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று தீர்த்தது. கம்பனிக்கும் நா உண்டு என்பதாயிற்று. இலினோயின் துண்டுப் பிரசுரங்களும் அத்தீர்ப்போடு பட்டியல் உறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அந்த அமைப்பு வேறு வழிகளில் உறுப்பினரைத் தேடிக்கொண்டு இன்றும் இயங்குகிறது.

அடுத்த தவணையில் 'காடு' நாவலைப் பற்றி மாணவரோடு பேச நேரும்போது, றூஸ்வெல்ட்டின் கையொப்பத்தை விடுத்து, வாசலில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பரிசோதகரிலிருந்தே தொடங்க எண்ணியுள்ளோம். நேரம் இருப்பின், அவரவர் வீட்டு மின்பட்டியலையும் கொண்டுவரச் சொல்லலாம்.